தூக்கி எறிந்த மாத்திரை அட்டை

வாடிப்பட்டியில் ஒருவருக்குக் கண் மஞ்சளித்தால் நாம் கேட்கும் முதல் கேள்வி, "வெளியில எங்கயும் தண்ணி குடிச்சீங்களா?" அடுத்தது, "யார்கிட்ட வேர் வாங்கப் போறீங்க?" போன ரெண்டு மாசத்துல என்ன மாத்திரை சாப்பிட்டீங்க என்று நாம் கேட்பதில்லை. வீட்டிலும் கேட்பதில்லை, திண்ணையிலும் கேட்பதில்லை. கூட்டம் நெரிக்கும் புறநோயாளிப் பிரிவுகளில் மருத்துவர்களும் எப்போதும் கேட்பதில்லை. இந்த ஒரு கேள்வியைக் கேட்காமல் விட்டதில் நம் எல்லோருக்கும் பங்கு உண்டு.

பல்வலிக்கும் தொண்டைப்புண்ணுக்கும் மெடிக்கலில் நின்றபடியே வாங்கி விழுங்குகிறோமே, அமாக்சிசிலின் – கிளாவுலனேட் மாத்திரை, அது தேவையானவருக்குத் தேவையான நேரத்தில் உயிர் காக்கும் மருந்து. ஆனால் சிலருக்கு, குறிப்பாக வயதான ஆண்களுக்கு, அது கல்லீரலில் பித்தம் ஓடும் வழியைக் கெடுத்துவிடுகிறது. மாத்திரை சாப்பிடும் நாட்களிலேயே தெரிந்தால் சட்டென்று பிடித்துவிடலாம். பெரும்பாலும் அப்படி வருவதில்லை. மாத்திரை தீர்ந்து, பல்வலியும் மறந்து, சிலருக்கு ஆறேழு வாரம் கழிந்த பிறகு உடம்பெல்லாம் அரிக்கத் தொடங்கும். சிறுநீர் கருமஞ்சளாகும், மலம் வெளுக்கும், அப்புறம் கண். அதற்குள் மாத்திரை அட்டை குப்பைக்குப் போயிருக்கும். மருத்துவச் சீட்டு ஆரம்பத்திலிருந்தே இருந்திருக்காது.

நம் வயல்களின் சின்ன வடிகால்கள் ஒன்றுசேர்ந்து ஓடையில் விழுவதைப் போலத்தான் கல்லீரலுக்குள் பித்தம் ஓடுகிறது. பித்தக்கல் பெரும்பாலும் ஓடையை அடைக்கிறது. அப்போது பின்னால் உள்ள குழாய்கள் வீங்கி ஸ்கேனில் தெரியும். வாய்வழியே குழாயை விட்டுக் கல்லை எடுத்துவிடலாம். மருந்து கெடுப்பதோ கண்ணுக்குத் தெரியாத சின்ன வடிகால்களை. ஸ்கேனில் குழாய் வீங்கியிருக்காது, எடுப்பதற்கு எதுவும் இருக்காது. இன்னும் சாப்பிட்டுக்கொண்டிருந்தால், அந்த மருந்தை நிறுத்துவதே முதல் சிகிச்சை. அரிப்புக்குக் கொலஸ்டைரமின் பொடி, ரத்தம் உறையத் தாமதமானால் வைட்டமின் கே ஊசி, இடையிடையே ரத்தப் பரிசோதனை. பெரும்பாலோர் சில வாரங்களிலிருந்து சில மாதங்களுக்குள் தேறிவிடுகிறார்கள். மிக அரிதாகச் சிலருக்கு அந்தச் சிறு குழாய்கள் அழிந்தே போய், கல்லீரல் மாற்றும் நிலை வருகிறது.

காய்ச்சலுக்குப் போடும் செஃப்ட்ரையாக்சோன் ஊசியின் கதை வேறு. அது பித்தத்தில் கால்சியத்தோடு சேர்ந்து படிந்து, ஸ்கேனில் கல்லைப் போலவே தெரியும். ஊசியை நிறுத்தினால் பெரும்பாலும் தானாகக் கரைந்துவிடும். எப்போதாவதுதான் குழாயை அடைக்கும். ஊசி போட்ட விஷயத்தைச் சொல்லாமல் போனால், கரையவிருந்த படிவுக்காகப் பித்தப்பையை அறுக்கும் பேச்சு வந்துவிடும். "என்ன ஊசி போட்டாங்க?" என்று கேட்டால் நமக்குத் தெரிந்த பதில், "காய்ச்சல் ஊசி."

காமாலைக்கு நாம் தேடிப்போகும் கீழாநெல்லியை நான் இகழமாட்டேன். 1988-இல் சென்னை ஆய்வாளர்கள், நோபல் பரிசு பெற்ற பரூக் பிளம்பெர்க்குடன் சேர்ந்து, லான்செட் இதழில் அதைப் பற்றி எழுதினார்கள். ஆனால் அவர்கள் சோதித்தது ஹெபடைட்டிஸ் பி வைரஸ் தொற்றில். பின்னால் வந்த ஆய்வுகள் அந்தப் பலனை உறுதி செய்யவில்லை. மருந்தால் வந்த மஞ்சள் தானாக வடியும்போது நாம் வேருக்கு நன்றி சொல்லிவிட்டு வருகிறோம். மஞ்சள் வடியாதவர்களை, பத்தியத்தில் பட்டினி போட்டு, கடைசியில் மதுரை பெரியாஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடுகிறோம்.

ஐஸ்லாந்தில் 2010, 2011 ஆகிய இரண்டு ஆண்டுகளைக் கணக்கெடுத்து, அமாக்சிசிலின் – கிளாவுலனேட் மாத்திரை சாப்பிட்டவர்களில் சுமார் 2,350 பேருக்கு ஒருவர் கல்லீரல் பாதிப்படைகிறார் என்று கண்டார்கள். அங்கே யாருக்கு எந்த மருந்து எழுதப்பட்டது என்பதெல்லாம் பதிவில் இருக்கிறது. 2,350 பேருக்கு ஒருவர் என்பது சின்ன எண்ணாகத் தோன்றலாம். சளி, இருமல் என்றாலே இதை வாங்கும் ஊரில் அது சின்ன எண் இல்லை. வைரஸால் வரும் சளிக்கு இந்த மாத்திரை எதுவும் செய்வதில்லை என்பதால், அப்படிப் பாதிக்கப்படுபவர் ஒரு பயனும் இல்லாமல் பாதிக்கப்படுகிறார். நம்மிடம் பதிவு இல்லை. சீட்டில்லாமல் விற்கக்கூடாது என்று சட்டம் சொல்கிறது. 2016 முதல் அட்டையில் சிவப்புக் கோடு இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லி மத்திய அரசும் பிரசாரம் செய்தது. ஆனாலும் "அண்ணே, போன தடவை குடுத்தீங்கள்ல, அதே மாத்திரை ஒரு அஞ்சு நாளைக்குக் குடுங்க" என்று நாம் கேட்கிறோம், மெடிக்கல்காரரும் கத்தரிக்கோலால் வெட்டிக் கொடுக்கிறார். பெயர் அச்சடித்த பக்கம் எவன் கையிலோ.

காசநோய் மாத்திரையையும் சொல்லியாக வேண்டும். நம் நாட்டில் மருந்தால் வரும் கல்லீரல் பாதிப்புக்கு முதல் காரணம் அதுதான். அது பித்தக் குழாயைவிடக் கல்லீரல் செல்களைத்தான் அதிகம் தாக்குகிறது. பசி போய், குமட்டி, கண் மஞ்சளித்தால் அன்றைக்கே மாத்திரை தந்த மருத்துவமனைக்குப் போனால், எதை நிறுத்தி எதை மாற்றுவது என்று அவர்கள் பார்ப்பார்கள். நாம் அதைச் சொல்லிக் கொடுக்காததால் சிலர் மஞ்சளோடு மாத்திரையைத் தொடர்கிறார்கள். சிலர் பயந்து மொத்தமாக நிறுத்தி, நோயை முற்றவிடுகிறார்கள்.

பக்கவிளைவைச் சொல்ல 1800-180-3024 என்ற கட்டணமில்லா எண் இருக்கிறது. நோயாளியே கூப்பிடலாம். மஞ்சள் காமாலைக்குப் பாட்டி வைத்தியம் என்று பக்கம் பக்கமாக எழுதிய பத்திரிகைக்காரர்களான நாங்கள் அந்த எண்ணை எத்தனை முறை அச்சடித்தோம்?

தேறி வீட்டுக்கு வந்தவருக்கும் நாம் முழுதாக எதுவும் செய்துவிடவில்லை. எந்த மருந்து கெடுத்தது என்று எந்த நோட்டிலும் எழுதி வைக்கவில்லை. அதனால் அடுத்த பல்வலிக்கு அவர் பிள்ளையே போய் அதே மாத்திரையை வாங்கி வருகிறான். இரண்டாம் முறை அது பெரும்பாலும் வாரக்கணக்கில் காத்திருக்காது; முன்னைவிடக் கடுமையாகவும் தாக்கக்கூடும்.