மன்னிப்பு மட்டும் போதுமா?

கொள்ளைநோய் கண்ட ஊருக்குள் செல்வதையும் அங்கிருந்து வெளியேறுவதையும் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களே விலக்கியிருக்க, நோய்த்தடுப்புக் கட்டுப்பாட்டை நாம் எதிர்ப்போமா? நாம் எதிர்ப்பது சான்றில்லாத அதிகாரத்தையே. இலங்கையில் 1897ஆம் ஆண்டின் தனிமைப்படுத்தல் கட்டளைச் சட்டத்தைக் கொண்டு, கொரோனாவால் மரித்தோர் அனைவரையும் எரித்தே ஆகவேண்டுமென 2020 ஏப்ரலில் விதித்தனர். அடக்கமும் செய்யலாம் என்றது உலக சுகாதார நிறுவனம், செவிசாய்த்தாரில்லை. நிலத்தடி நீர் கெடுமாம்! எதிர்த்துத் தொடுத்த மனுக்களை டிசம்பரில் உச்ச நீதிமன்றம் காரணம் கூறாமலே தள்ளிற்று. அம்மாதமே, பிறந்து 20 நாளே ஆன சிசுவின் ஜனாஸாவும் தீக்கிரையாயிற்று. 2021 பிப்ரவரியில் விதியைத் தளர்த்தினர். 2024 ஜூலையில் அமைச்சரவை மன்னிப்புக் கோரியது. யாரிடம் கோரியது? கபுரில்லாத அம்மையித்துகளிடமா? ஆணையிடுவோர் தம் சான்றை முதலில் நீதிமன்றத்தின் முன் வைத்தாக வேண்டும் என்று அச்சட்டத்தையே திருத்தட்டும். அதுவரை அம்மன்னிப்பை நாம் ஏற்பதற்கில்லை.