வெயிலே படாமல் தோல் நிறம் மாறுமா? மெலனோடான் 2 ஊசியில் இருக்கும் ஆபத்து என்ன?

வெயிலில் காய்ந்து தோலைப் பழுப்பாக்கிக்கொள்வது பிரிட்டன், ஆஸ்திரேலியா போன்ற நாடுகளில் பலருக்குப் பிடித்த விஷயம். வெயிலில் அதிகம் கிடக்காமலே அந்த நிறம் கிடைக்கும் என்று ஆன்லைனில் விற்கப்படுவதுதான் 'மெலனோடான் 2'. ஊசியாகவும் வருகிறது, மூக்கு ஸ்பிரேயாகவும் வருகிறது. 'பார்பி டிரக்' என்று செல்லப்பெயர் வேறு!

எப்படி வேலை செய்கிறது?

தோலுக்கு நிறம் தருவது மெலனின். அதைத் தயாரிக்கச் சொல்லி தோல் செல்களைத் தூண்டும் ஹார்மோன் ஒன்று நம் உடலில் இருக்கிறது. அதைப் போலவே ஆய்வகத்தில் செய்யப்பட்ட பெப்டைடுதான் இது. அமெரிக்காவின் அரிசோனா பல்கலைக்கழகத்தில் இந்த வகை பெப்டைடுகள் உருவாக்கப்பட்டன.

அப்போ நன்மையே இல்லையா?

இருக்கு. ஆனால் அது இதன் உறவுக்கார மருந்தான அஃபாமெலனோடைடில். கொஞ்ச நேரம் வெயில் பட்டாலே தாங்க முடியாத வலி வரும் ஓர் அரிய நோய்க்கு ஐரோப்பாவில் 2014-லும், அமெரிக்காவில் 2019-லும் அதற்கு அனுமதி கிடைத்தது. பயிற்சி பெற்ற மருத்துவப் பணியாளர்தான் 2 மாதத்துக்கு ஒருமுறை தோலுக்கு அடியில் அதை வைக்க வேண்டும். இவ்வளவு கட்டுப்பாடு இருந்தும், வருடத்துக்கு 2 முறை உடல் முழுக்கத் தோல் பரிசோதனை செய்யப் பரிந்துரைக்கிறது அமெரிக்க மருந்துக் குறிப்பு.

ஆன்லைன் ஊசியில் என்ன சிக்கல்?

முதல் சிக்கல், பாட்டிலுக்குள் என்ன இருக்கிறது, எவ்வளவு இருக்கிறது என்பதற்கு உத்தரவாதம் இல்லை. 'ஆய்வுக்கு மட்டும்' என்ற லேபிளோடு விற்கப்படுவதை வாங்கி, பலர் வீட்டிலேயே கலந்து போட்டுக்கொள்கிறார்கள். ஊசியைப் பகிர்ந்தால் எச்ஐவி, மஞ்சள் காமாலை வைரஸ் தொற்றும் வரலாம்.

இரண்டாவது, இது தோலோடு நிற்பதில்லை. மூளை வரை வேலை செய்கிறது. குமட்டல், வாந்தி, முகம் சிவத்தல், பசியின்மை ஏற்படும். ஆண்களுக்கு மணிக்கணக்கில் விறைப்பு நீடிக்கலாம். 4 மணி நேரத்தைத் தாண்டினால் அது அவசர சிகிச்சை தேவைப்படும் நிலை. தசை சிதைந்து சிறுநீரகம் பாதிக்கப்பட்டதாகவும் மருத்துவ இதழ்களில் பதிவு உண்டு.

மச்சம்தான் பெரிய கவலை

இருக்கும் மச்சம் கறுக்கும், புது மச்சமும் முளைக்கும். மச்சத்தில் வரும் மாற்றம்தான் மெலனோமா என்ற தோல் புற்றுநோயின் முதல் எச்சரிக்கை மணி. எல்லா மச்சமும் ஒரே நேரத்தில் கறுத்தால், எது ஆபத்தானது என்று கண்டுபிடிப்பது டாக்டருக்கே கஷ்டம். பயன்படுத்திய சிலருக்கு மெலனோமா வந்ததும் பதிவாகியிருக்கிறது. ஊசிதான் காரணம் என்று நிரூபணமாகவில்லை. பாதுகாப்பானது என்றும் நிரூபணமாகவில்லை. அமெரிக்கா, பிரிட்டன், ஆஸ்திரேலியா மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்புகள் இதற்கு அனுமதி தரவில்லை, எச்சரிக்கையும் விடுத்திருக்கின்றன.

ஏற்கெனவே போட்டிருந்தால்?

உடனே நிறுத்திவிட்டு, தோல் டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். மச்சம் ஒழுங்கற்ற வடிவத்தில் இருந்தாலோ, பல நிறம் தெரிந்தாலோ, 6 மில்லிமீட்டரை விடப் பெரிதானாலோ, ரத்தம் கசிந்தாலோ காத்திருக்க வேண்டாம். நிறம் ஏறிவிட்டது என்பதற்காக சன்ஸ்கிரீனையும் விட்டுவிடாதீர்கள். அந்த நிறம் வெயிலுக்குக் கவசம் ஆகாது.