தெளிந்த நீரில் தெரியாத சரக்குகள்

கொழும்பிலே வளர்ந்த பிள்ளைகள் விடுமுறைக்கு யாழ்ப்பாணம் வந்தால், முதல் நாட் காலையில் கிணற்றடியிலேயே ஒரு குறை சொல்லுவார்கள். சவர்க்காரம் நுரைக்கவில்லை என்பதே அக்குறை. வீட்டிலுள்ள பெரியவர்கள், “இந்தக் காலத்துச் சவர்க்காரம் அப்படி” என்று கூறிவிடுவர். சவர்க்காரத்தில் பழுதொன்றும் இல்லை. காரணம் நீரிலே கரைந்திருக்கின்றது.

நீரின் மூலக்கூற்றில் ஓர் ஒட்சிசன் அணுவும் இரண்டு ஐதரசன் அணுக்களும் உள என்பது மாணவர் அறிந்ததே. இவை நேர்கோட்டில் அமையாமல், ஏறக்குறைய 104.5 பாகைக் கோணத்தில் வளைந்து நிற்கின்றன. அதனால் மூலக்கூற்றின் ஒரு பக்கம் சிறிதளவு மறையேற்றமும் மற்றப் பக்கம் சிறிதளவு நேரேற்றமும் கொள்கின்றது. உப்பை நீரில் இட்டவுடன், ஒரு பக்கம் சோடியத்தையும் மறு பக்கம் குளோரைட்டையும் பற்றி இழுத்துப் பிரித்துவிடுகின்றது. கரைத்தல் என்று நாம் எளிதாகச் சொல்லுவது இதனையே. கரைந்தபின் பொருள் கண்ணுக்குத் தெரியாது, வடிதுணியிலும் அகப்படாது.

யாழ்ப்பாணக் குடாநாட்டின் அடித்தளம் சுண்ணாம்புக்கல். தூய நீரில் அக்கல் கரைவது மிகச் சொற்பம். ஆனால் மாரி மழைநீர் வானத்திலும் மண்ணிலும் உள்ள காபனீரொட்சைட்டைத் தன்னுட் கொண்டு மென்மையான ஓர் அமிலமாகிக் கீழிறங்குகின்றது. அந்த அமிலம் கல்லை அரித்து, கல்சியம் இருகாபனேற்று என்னும் கரையுஞ் சேர்வையாக மாற்றிக் கிணற்றுக்குக் கொண்டுவருகின்றது. இதுவே வன்னீர். சவர்க்காரத்தை இட்டால் கல்சியம் அதனைப் பற்றிக்கொண்டு, நுரைக்குப் பதிலாக வெள்ளைத் திரளை உண்டாக்குகின்றது. கல்சியம் முழுவதும் தீர்ந்த பின்னரே நுரை பிறக்கும். அதுவரை கரைந்த சவர்க்காரம் வீண்.

வன்னீரைக் காய்ச்சினால் வேதியியல் பின்னோக்கி நடக்கின்றது. காபனீரொட்சைட்டு ஆவியோடு வெளியேற, கரைந்திருந்த சுண்ணாம்பு மறுபடியும் கல்லாகிக் கேத்திலின் அடியிற் படிகின்றது. தேநீருக்கு நீர் கொதிக்கவைக்கும் பாத்திரத்தின் உட்புறத்திலே நம் நாட்டின் நிலவியலைச் சுரண்டி எடுக்கலாம்! பருப்பு வேகத் தாமதிப்பதும் இக் கல்சியத்தின் வேலையே. கல்சியத்தின் சல்பேற்றும் குளோரைட்டும் உள்ள நீர் காய்ச்சுதலுக்கு மசியாது. அதற்குச் சலவைச் சோடா வேண்டும். இவையெல்லாம் சிறு தொல்லைகள். வன்னீர் உடலுக்கு நஞ்சன்று.

கடலுப்பின் கதை வேறு. குடாநாட்டில் வற்றாத ஆறு ஒன்றும் இல்லை. ஐப்பசி முதல் மார்கழி வரை பெய்யும் மழையே நிலத்தினுள் இறங்கி, கல்வெடிப்புகளிலே தங்குகின்றது. நாற்புறமும் கடல், நிலத்தின் கீழும் கடல்நீர். நன்னீர் அதன்மேல் மிதக்கின்றது. நன்னீரின் அடர்த்தியை 1 எனக் கொண்டால், கடல்நீரின் அடர்த்தி ஏறக்குறைய 1.025. அதாவது 41 அடி உயரமான நன்னீர், 40 அடி உயரமான கடல்நீருக்கு நிறையிற் சமன். எனவே கடல்மட்டத்திற்கு மேல் 1 அடி நன்னீர் நின்றால், கீழே சுமார் 40 அடி நன்னீர் இருக்கும். கைபன், ஹேர்ஸ்பேர்க் என்னும் இருவரின் பெயரால் இவ்விதி வழங்குகின்றது. அடியில்லாக் கிணறு என்று பேர்பெற்ற நிலாவரையிலே மேல்நீர் நன்னீராகவும் ஆழத்து நீர் உவராகவும் இருப்பது இதனாலேதான்.

இக்கணக்கைத் திருப்பிப் பாருங்கள். மேலே 1 அடியை இறைத்துக் குறைத்து, மழை அதனை நிரப்பாவிடின், காலப்போக்கிற் கீழே 40 அடி நன்னீரை இழப்போம். துலா மிதித்து இறைத்த காலத்தில் மனிதனுடைய கால் ஓய்ந்ததும் இறைப்பும் ஓய்ந்தது. இயந்திரத்துக்கு அந்த ஓய்வு இல்லை. கடல்நீரில் லீற்றருக்கு ஏறக்குறைய 35 கிராம் உப்பு உண்டு. நூறு பங்கு நன்னீரில் இரண்டு பங்கு கடல்நீர் சேர்ந்தாலே நாக்கு அறிந்துவிடும்; ஐந்து பங்கு சேர்ந்தால் வெங்காயமும் மிளகாயும் வாடும். கலத்தல் தானாக நடக்கும். பிரித்தலோ பெருஞ் செலவு. தாளையடியில் 2024 இல் திறக்கப்பட்ட நிலையம் கடல்நீரை மின்வலுவால் மென்சவ்வினூடே அழுத்தி உப்பைப் பிரிக்கின்றது. அத்தகைய நீரைத் தோட்டத்துக்குப் பாய்ச்ச எந்தக் கமக்காரருக்குக் கட்டும்?

தாய்மார் சிறப்பாகக் கவனிக்க வேண்டிய சரக்கு ஒன்றுண்டு; அது நைத்திரேற்று. தோட்டத்துக்கு இடும் யூரியா முதலிய உரங்களிலிருந்தும் மலகூடக் குழிகளிலிருந்தும் அது வருகின்றது. நைத்திரேற்றுக்கள் நீரில் மிக எளிதிற் கரைவன. வெடிப்புள்ள சுண்ணாம்புக்கல் அவற்றைத் தடுத்து நிறுத்தாது. குடிநீரில் லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேற்படலாகாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரையறை. குடாநாட்டுக் கிணறுகள் பலவற்றில் இவ்வளவு மீறப்பட்டமையை ஆய்வாளர் கண்டுள்ளனர். ஆறு மாதம் நிரம்பாத குழந்தையின் உடலில் நைத்திரேற்று நைத்திரைற்றாக மாறி, குருதி ஒட்சிசனைச் சுமக்கும் ஆற்றலைக் குறைக்கின்றது; மிகுந்தால் உடல் நீலம் பாரிக்கும்.

“நாங்கள் நன்றாகக் கொதிக்கவைத்துத்தான் பால்மா கரைக்கிறோம்” என்று சொல்லுவார்கள். கொதித்தல் கிருமியைக் கொல்லும். அது கட்டாயம் வேண்டும். ஆனால் நைத்திரேற்று ஆவியாகாது. நீர் வற்ற வற்ற எஞ்சிய நீரில் அதன் செறிவு கூடும். நிறமில்லை, மணமில்லை, இந்த அளவில் நாக்கும் அறியாது. கேத்திலின் வெண்படிவு கல்சியத்தைக் காட்டுமேயன்றி இதனைக் காட்டாது. தோட்டத்தின் அருகிலோ மலகூடத்தின் அருகிலோ கிணறு உள்ளவர்கள், வீட்டிலே புட்டிப்பால் குடிக்கும் குழந்தை இருப்பின், ஒரு போத்தல் நீரை ஆய்வுகூடத்திற்குக் கொடுத்து, நைத்திரேற்றை அளக்கும்படி பெயர் சொல்லிக் கேட்க வேண்டும். கிருமிப் பரிசோதனையில் அது அகப்படாது.