வாயைப் பொத்தினால் கை எழுதாது

உங்கள் வீட்டில் மூன்றாவதோ நாலாவதோ படிக்கிற பிள்ளை இருக்கிறதா? இருந்தால், மேலே படிப்பதற்கு முன்னால் ஒரு காரியம் செய்யுங்கள். ஸ்கூல் பையிலிருந்து அதன் கட்டுரை நோட்டை எடுங்கள். கையெழுத்தைப் பார்க்காதீர்கள். மார்க்கைப் பார்க்காதீர்கள். உங்கள் பிள்ளைக்குச் சொந்தமான வாக்கியம் ஒன்றே ஒன்று அதில் இருக்கிறதா என்று மட்டும் தேடிப் பாருங்கள்.

நான் தேடினேன். என் அக்கா மகள் நாலாவது படிக்கிறாள். 'நான் சென்ற சுற்றுலா' என்று ஒரு கட்டுரை. மாமல்லபுரம் போனாளாம். சிற்பங்களின் அழகு அவள் உள்ளத்தைக் கொள்ளை கொண்டதாம். கடல் அலைகள் கரையை முத்தமிட்டனவாம். பத்துக்கு ஒன்பது மார்க். அந்த ஒரு மார்க்கும் கையெழுத்து சரியில்லை என்று குறைத்தது.

"எப்பம்மா மாமல்லபுரம் போனே?"

"நான் எங்க மாமா போனேன்? மிஸ் போர்டுல எழுதிப் போட்டாங்க. எல்லாரும் பார்த்து எழுதினோம்."

ஆக, அந்த வகுப்பில் நாற்பது பேரும் ஒரே நாளில் மாமல்லபுரம் போய், நாற்பது உள்ளமும் ஒரே மாதிரி கொள்ளை போயிருக்கிறது. போலீஸில் புகார் கொடுக்கிற அளவுக்குப் பெரிய கொள்ளை!

"சரி, லீவுல நிஜமா எங்க போனே?" என்று கேட்டேன். அவ்வளவுதான், மடை திறந்துவிட்டது. வந்தவாசி பக்கம் பாட்டி ஊருக்குப் போகிற பஸ். ஒரு தாத்தா மஞ்சப்பைக்குள் சேவலை வைத்திருக்கிறார். அது பையைப் பிய்த்துக்கொண்டு வெளியே வந்து, டிரைவர் சீட்டுக்குப் பின்னால் இருக்கிற கம்பியில் போய் நின்றுகொள்கிறது. "இதுக்கு யாருய்யா டிக்கெட் எடுக்கறது?" என்கிறார் கண்டக்டர். "அது எங்க சீட்ல உக்காந்திருக்கு? நின்னுக்கிட்டுதானே வருது!" என்கிறார் தாத்தா. பஸ்ஸே சிரிக்கிறது. சேவல் மாதிரி கழுத்தை வெட்டி வெட்டிக் காட்டி, இருபது நிமிஷம் சொன்னாள்.

"இதை எழுதியிருக்கலாமே?"

"ஐயோ மாமா, அதெல்லாம் கட்டுரை இல்ல!"

ஒன்பது வயதுப் பெண்ணுக்கு நாம் சொல்லிக் கொடுத்திருக்கும் இலக்கணம் இது. உனக்கு நடந்தது கட்டுரை ஆகாது. உனக்கு நடக்காததை, போர்டைப் பார்த்து அழகான கையெழுத்தில் எழுதினால் அதற்குப் பெயர் கட்டுரை.

இந்தப் பிள்ளைகளைப் பற்றித்தான் நாம் "இந்தக் காலத்துப் பசங்களுக்கு நாலு வரி சொந்தமா எழுதத் தெரியலை" என்று அலுத்துக்கொள்கிறோம். எப்படித் தெரியும்? காலை ஒன்பது மணியிலிருந்து சாயங்காலம் நாலு மணி வரை வகுப்பில் நாம் அதிகம் சொல்கிற வார்த்தை 'பேசாதே!' கையைக் கட்டு, வாயைப் பொத்து. பேசுகிறவன் பெயரைப் போர்டில் எழுதிவைக்க ஒரு லீடர் வேறு. வாய்க்குப் பூட்டுப் போட்டுவிட்டு, கையைப் பார்த்து 'எழுது' என்கிறோம். வாய் வழியாக ஒருமுறைகூட வெளியே வராத ஒரு விஷயம், பிஞ்சு விரல் வழியாக மட்டும் எப்படி வந்துவிடும்?

நான் பி.காம். படித்தவன். எங்களுக்கு முதல் வருஷமே சொல்லிக் கொடுத்தது இது. ரசீதுகளைச் சேர்க்க வேண்டும். அவற்றைப் பார்த்துக் குறிப்பேட்டில் பதிய வேண்டும். அங்கிருந்து பேரேடு. பேரேட்டிலிருந்து இருப்பாய்வு. எல்லாம் முடிந்து கடைசியில்தான் இருப்புநிலைக் குறிப்பு. ரசீதே இல்லாமல் நேராக இருப்புநிலைக் குறிப்பை எழுதுகிறவனுக்குக் கணக்கர் என்று பெயர் கிடையாது, வேறு பெயர். ஆனால் எட்டு வயதுப் பிள்ளையிடம் நாம் கேட்பது அதைத்தான். பேச்சும் இல்லை, யோசனையும் இல்லை, குறிப்பும் இல்லை. எடுத்த எடுப்பில் முன்னுரை, பொருளுரை, முடிவுரை!

வேறு வழி இருக்கிறதா? இருக்கிறது. இத்தாலியில் ஃபிளாரன்ஸ் நகரத்துக்கு அருகே மலைமேல் பார்பியானா என்று ஒரு குக்கிராமம். 1954 கடைசியில் அங்கே வந்து சேர்ந்த லொரன்சோ மிலானி என்ற பாதிரியார், அரசுப் பள்ளியில் ஃபெயிலாகி வெளியே தள்ளப்பட்ட ஏழை விவசாயிகளின் பிள்ளைகளைச் சேர்த்து ஒரு பள்ளி நடத்தினார். அந்தப் பள்ளியின் மாணவர்கள் எட்டுப் பேர் சேர்ந்து, தங்களை ஃபெயிலாக்கிய ஆசிரியைக்கு ஒரு கடிதம் எழுதினார்கள். 1967-ல் அது புத்தகமாக வந்தது. உலகத்தின் பல மொழிகளுக்குப் போனது. தமிழிலும் வந்திருக்கிறது.

எழுதத் தெரியாது என்று முத்திரை குத்தப்பட்ட பையன்கள் அதை எப்படி எழுதினார்கள் என்பதையும் அந்தப் புத்தகத்திலேயே சொல்லியிருக்கிறார்கள். ஒவ்வொருவன் சட்டைப் பையிலும் ஒரு குறிப்பு நோட்டு. மனசில் ஏதாவது தோன்றினால் உடனே குறித்துக்கொள்ள வேண்டும். ஒரு தாளில் ஒரே ஒரு விஷயம். ஒருநாள் எல்லாத் தாள்களையும் பெரிய மேஜையில் பரப்பினார்கள். ஒரே விஷயத்தைத் திரும்பச் சொல்கிற தாள்களை ஒதுக்கினார்கள். ஒன்றோடு ஒன்று சேருகிறவற்றைத் தனித்தனிக் கட்டாக அடுக்கினார்கள். ஒரு கட்டு, ஓர் அத்தியாயம். எது முன்னால், எது பின்னால் என்று கூடிப் பேசி முடிவு செய்தார்கள். எழுதி முடித்த பிறகு வெளியாட்களைக் கூப்பிட்டுக் காட்டினார்கள். அதுவும் அதிகம் படிக்காதவர்களாகப் பார்த்து! அவர்களுக்குப் புரியவில்லை என்றால் திருத்தினார்கள்.

இதில் பெரிய தத்துவம் ஒன்றும் இல்லை. பேசு, குறி, அடுக்கு, எழுது, காட்டு. அவ்வளவுதான்.

நம் ஊரிலும் சொல்லாமல் இல்லை. பிற்பாடு என்.சி.இ.ஆர்.டி. இயக்குநராக இருந்த கிருஷ்ண குமார், குழந்தையின் மொழியைப் பற்றி ஆசிரியர்களுக்காகவே 1986-ல் ஒரு சின்னப் புத்தகம் எழுதினார். வகுப்பில் பிள்ளைகள் பேசுவது இடைஞ்சல் இல்லை, ஆசிரியர் கையில் இருக்கிற முதல் என்று அதில் விளக்கியிருக்கிறார். படித்தவர்கள் படித்தார்கள். மற்றவர்கள் பிரம்பால் மேஜையைத் தட்டி 'சைலன்ஸ்' என்று கத்திக்கொண்டிருந்தார்கள்.

அரசாங்கம் ஒன்றுமே செய்யவில்லை என்றும் சொல்லமாட்டேன். 2003-ல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் செயல்வழிக் கற்றல் வந்தது. 2007-08-ல் தமிழ்நாடு முழுக்க அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்குப் போனது. ஆசிரியர் நாற்காலியை விட்டு இறங்கிப் பிள்ளைகளோடு பாயில் உட்கார்ந்தார். குழந்தைக்கு எட்டுகிற உயரத்தில் கரும்பலகை வந்தது. 2022-ல் எண்ணும் எழுத்தும் வந்தது. நல்லதுதான். ஆனால் எது வந்தாலும் கடைசியில் நாம் எண்ணிப் பார்ப்பது, எழுத்துக்கூட்டிப் படிக்கிறானா, கழித்தல் போடுகிறானா என்பதை மட்டும்தான். ஏசர் அறிக்கை 2005-லிருந்து முக்கியமாக அளப்பது வாசிப்பும் கணக்கும். வெளியானதும் டி.வி.யில் விவாதம் நடக்கிறது. தனக்கு நடந்ததை நாலு வாக்கியத்தில் ஒரு பிள்ளையால் எழுத முடிகிறதா? இதைக் கேட்டு எந்த சேனலிலும் சண்டை நடந்ததாக எனக்கு நினைவில்லை.

தனியார் பள்ளிக்குப் பணம் கட்டுகிற நீங்களும் சிரிக்க வேண்டாம். அங்கே பல இடங்களில் நிலைமை இன்னும் மோசம். தமிழில் பேசினால் ஃபைன். இங்கிலீஷில் பேச அந்த வயசில் சரளம் இல்லை. ஆக, எந்த மொழியிலும் பேசாத பிள்ளை, 'மை பெஸ்ட் ஃபிரண்ட்' என்று பத்து வரியை மனப்பாடம் செய்து எழுதுகிறது. அதன் நிஜமான ஃபிரண்டுக்கு அந்தப் பத்து வரியில் ஒரு வரிகூடப் பொருந்தாது.

சரி, மறுப்புகளுக்கு வருவோம்.

பேசவிட்டால் சத்தம் போடுவார்களே? போடுவார்கள். நாற்பது பேரையும் மொத்தமாகப் பேசச் சொல்ல வேண்டாம். பக்கத்தில் இருப்பவனிடம் ஐந்து நிமிஷம் சொல்லச் சொல்லுங்கள். கேட்கிறவன் இரண்டு கேள்வி கேட்க வேண்டும் என்று விதி வையுங்கள். அந்த சத்தத்துக்குப் பெயர் பாடம்.

நேரம் இல்லையே? ஐந்து வகுப்புக்கு இரண்டு ஆசிரியர் என்று ஓடுகிற பள்ளிகள் எத்தனையோ. அறுபது பிள்ளை வரை இரண்டு பேர் போதும் என்று கல்வி உரிமைச் சட்டமே சொல்கிறது. அந்த டீச்சரின் கஷ்டம் எனக்குப் புரிகிறது. போர்டில் எழுதிப்போட்ட மிஸ் மேலும் எனக்குக் கோபம் இல்லை. ஆனால் வாரத்துக்கு ஒரு கட்டுரையைப் பார்த்து எழுதவைக்கிற நேரத்தில், மாசத்துக்கு ஒன்றைச் சொந்தமாக எழுதவைக்கலாம். திருத்துகிற வேலையும் குறையும்.

பேச்சு வழக்கு எழுத்தில் புகுந்து தமிழ் கெட்டுப்போகுமே? இதைத்தான் ரொம்பப் பேர் கேட்பார்கள். அதனால் நான் செய்து பார்த்ததைச் சொல்கிறேன்.

சேவல் கதையை என் அம்மாவிடம் இன்னொரு தடவை சொல்லச் சொன்னேன். அம்மா சும்மா கேட்கவில்லை. "சேவல் என்ன கலருடி?" "கடைசில யாரு பிடிச்சா?" என்று குடைந்தார். இரண்டாவது தடவை கதை தானாகவே ஒழுங்காகிவிட்டது. பிறகு ஒரு தாளில் ஐந்து கட்டம் போட்டோம். ஒவ்வொன்றிலும் ஒரு படம் அல்லது ஒரு வார்த்தை. பை, பறந்தது, டிக்கெட், சிரிப்பு, பிடித்தது. "எதுல ஆரம்பிக்கலாம்?" என்றேன். யோசித்து, டிக்கெட் கட்டத்தை முதலுக்குக் கொண்டுவந்தாள். ஒவ்வொரு வாக்கியத்தையும் வாயால் சொல்லிப் பார்த்து எழுதினாள். "கண்டக்டர் கேட்டாரு" என்று வாய் சொன்னது. கை "கேட்டார்" என்று எழுதியது. நான் சொல்லித்தரவில்லை. தாத்தா சொன்னதை மட்டும் அப்படியே மேற்கோள் குறிக்குள் விட்டாள். 'பறந்தது' என்பதற்குச் சின்ன 'ர' போட்டிருந்தாள். அதைக் கடைசியில் திருத்தினோம். முக்கால் மணி நேரத்தில் ஒன்றேகால் பக்கம். தமிழ் கெடவில்லை. முதல்முறையாக அந்த நோட்டுக்குள் வந்திருந்தது.

"மிஸ்கிட்ட காட்டு" என்றேன்.

"வேணாம் மாமா. மார்க் போயிடும்."

சிரிக்க முடியவில்லை எனக்கு. இந்தப் பயம் நாலாம் வகுப்போடு நின்றுவிடாது. திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் வாசலுக்குப் போய்ப் பாருங்கள். குறைதீர் நாள். மனு எழுதித் தருகிறவர்களைச் சுற்றிக் கூட்டம் நிற்கும். அதில் எழுத்தே தெரியாத பாட்டிகள் மட்டும் இல்லை, டிகிரி முடித்தவர்களும் நிற்பார்கள். பட்டா மாறவில்லை, உதவித்தொகை வரவில்லை என்று மரத்தடியில் மணிக்கணக்காகத் தெளிவாகச் சொல்வார்கள். தாளைக் கொடுத்தால் கை நடுங்கும். 'நமக்கு நடந்தது எழுதுகிற விஷயம் இல்லை' என்று ஒன்பது வயசிலேயே படித்துக்கொண்டவர்கள் அவர்கள். தன் குறையைத் தானே எழுதத் தெரியாதவன், காசு கொடுத்து வாடகைக்கு வாக்கியம் வாங்குகிறான். எழுதித் தருகிறவர் எதை விட்டாலும் அவனுக்குத் தெரியாது.

டீச்சர்கள் மாறட்டும், பாடத்திட்டம் மாறட்டும். நீங்கள் மாற எந்த அரசாணையும் தேவையில்லை. பிள்ளையைக் கையெழுத்துப் பயிற்சி வகுப்புக்கு அனுப்பி ஃபீஸ் கட்டுகிறீர்கள். அந்தப் பிள்ளை வாயைத் திறந்தால் "அப்புறம் சொல்லு" என்று செல்போனுக்குத் திரும்பிக்கொள்கிறீர்கள். இன்று ராத்திரி போனைக் கவிழ்த்து வையுங்கள். "ஹோம்வொர்க் முடிச்சியா?" என்று கேட்காதீர்கள். "இன்னைக்கு என்ன நடந்துச்சு?" என்று கேளுங்கள். பத்து நிமிஷம் குறுக்கே பேசாமல் கேட்டுவிட்டு, இரண்டு கேள்வி கேளுங்கள். அப்புறம் ஒரு தாளை நீட்டுங்கள்.

அடுத்த பெற்றோர் கூட்டத்துக்கு நானும் அக்காவோடு போகப்போகிறேன். அந்த ஒன்றேகால் பக்கத்தையும் எடுத்துக்கொண்டுதான். மார்க் போனால் போகட்டும்.