யாருடைய அந்தரங்கம்?

தகவல் சமூகம் வருகிறது, வருகிறது என்கிறார்கள். வந்தேவிட்டது என்று வைத்துக்கொள்வோம். சேரிக்கு அது எந்த வழியாக வந்தது? பஞ்சமி நிலத்தில் நின்று பார்த்தால் தெரியும்.

செங்கல்பட்டு கலெக்டராக இருந்த திரமென்ஹீரின் அறிக்கையை ஒட்டி, 1892இல் வெள்ளை அரசு எங்களுக்கென்று நிலம் ஒதுக்க ஆணையிட்டது. பத்து வருடம் விற்கக்கூடாது; அதன்பிறகும் தாழ்த்தப்பட்டவர்களுக்கு மட்டுமே விற்கலாம். அந்த நிலம் இன்று யார் கையில்? இதைக் கேட்ட போராட்டத்தில்தான் 1994 அக்டோபர் 10 அன்று ஜான் தாமஸும் ஏழுமலையும் போலீஸ் குண்டுக்குப் பலியானார்கள்.

நிலத்தைக் கேட்கிறவன் முதலில் கணக்கைக் கேட்டாக வேண்டும். கணக்கு கர்ணம் வீட்டுப் பெட்டியில் இருந்தது. 1980இல் பரம்பரைக் கர்ணம் ஒழிந்தது. பெட்டி ஆபீசுக்குப் போனது. 2005இல் தகவல் உரிமைச் சட்டம் வந்தது. பத்து ரூபாய், ஒரு மனு, முப்பது நாள். எங்க ஊர் பஞ்சமி நிலம் எந்த ஆணையின்படி கைமாறியது என்று நானும் மனு போட்டேன். 'மூன்றாம் நபரின் தனிப்பட்ட தகவல்' என்று பதில் வந்தது. எங்க ஆயா கேட்டுச்சு: "நம்ம நெலத்தப் பத்தி நாம கேட்டா, அது எப்படிடா மூணாம் ஆளு சங்கதி?"

அப்போதாவது வாதாட இடமிருந்தது. சட்டமன்றத்துக்கு மறுக்க முடியாத தகவலைக் குடிமக்களுக்கும் மறுக்கக்கூடாது என்ற வாசகம் சட்டத்தில் இருந்தது. பொதுநலன் பெரிதென்றால் தனிப்பட்ட தகவலையும் தரலாம் என்று அதே 8(1)(ஜே) பிரிவு சொன்னது. 2023இல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இதையெல்லாம் வெட்டி, தனிப்பட்ட தகவல் என்றாலே மறுக்கலாம் என்று ஆக்கியது. 2025 நவம்பரில் திருத்தம் அமலுக்கும் வந்துவிட்டது. 8(2) பிரிவு இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது. பொதுநலன் கருதி அதிகாரி 'தரலாம்'. அந்த 'லாம்' எந்தப் பக்கம் சாயும் என்று நமக்குத் தெரியாதா?

அந்தரங்கம் வேண்டாமா? வேண்டும், நமக்குத்தான் அதிகம் வேண்டும். "ஸ்காலர்ஷிப் பசங்கெல்லாம் எந்திரிங்கடா" என்று வகுப்பில் நிறுத்தப்பட்டவன் நான். என் சாதி என்றைக்கும் அந்தரங்கமாக இருந்ததில்லை. நம் நிலத்தை ஒருவன் எப்படிப் பிடித்தான் என்பது மட்டும் அந்தரங்கமாகிவிட்டது.

இணையத்தில் சர்வே எண்ணைத் தட்டினால் பட்டாதாரர் பெயர் வருதே, போதாதா என்கிறார் நண்பர். போதாது. பழைய பதிவேட்டில் இருந்த 'டி.சி. நிலம்' என்ற குறிப்பு எப்போது, யார் கையெழுத்தில் அழிந்தது என்பது அந்தத் திரையில் வராது. கணக்கில் எழுதிய பொய், கணினியில் ஏறினாலும் பொய்தான்.

கேட்காமலே அரசு தானாக வெளியிட வேண்டியவை உண்டு என்கிறது தகவல் உரிமைச் சட்டத்தின் 4ஆவது பிரிவு. பஞ்சமி நிலத்தின் பழைய பதிவேட்டையும் இன்றைய பதிவேட்டையும் கிராமவாரியாகப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வெளியிடு என்று கேட்போம். வெட்டிய வாசகங்களைத் திரும்பச் சேர் என்று கேட்போம். மாணவத் தோழர்களே, விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது ஆளுக்கொரு மனு போடுங்கள். மறுத்தால் அந்தக் கடிதத்தைக் கிழித்துப் போடாதீர்கள். மேல்முறையீட்டுக்கு அதுதான் முதல் தாள்.