கந்தோர் லீவும் கமக்காரன் நாளும்

கொழும்பு மாநகரின் பெரிய கம்பனிகள் சில, தம் உத்தியோகத்தரை ஆண்டில் ஓரிரு நாட்கள் சம்பளத்துடனேயே பொதுத்தொண்டுக்கு விடுவிக்கும் வழக்கத்தை மேற்கொண்டிருக்கின்றன. கடற்கரையைத் துப்புரவு செய்வோரும், மரம் நடுவோரும், சிறு கமக்காரனின் தோட்டத்திற் சென்று மண்வெட்டி பிடிப்போரும் இவருள் உளர். கல்கிசையிலும் அதனை அடுத்த இடங்களிலும் வதியும் எம் பழைய மாணவருட் பலர் வங்கிகளிலும் கம்பனிகளிலும் கடமையாற்றுவோர். ஆதலின் இதுபற்றிச் சில கூறுதல் இம்மலருக்குப் பொருந்தாததன்று. நோக்கம் நல்லது, அதனை நாம் மறுக்கவில்லை. அந்நாளைக் குறிப்பவர் யார் என்பதே எம் வினா.

2022ஆம் ஆண்டு யூன் மாதத்தில் நடந்ததை வாசகர் மறந்திரார். எரிபொருளும் உணவும் அருகிய அவ்வேளையில், அத்தியாவசிய சேவையினர் நீங்கலாக அரசாங்க ஊழியர்க்கு மூன்று மாதங்களுக்கு வெள்ளிக்கிழமை தோறும் விடுமுறை அளிக்க அமைச்சரவை தீர்மானித்தது. வீட்டு வளவிலோ வேறிடத்திலோ பயிர் செய்க என்பது ஏற்பாடு. ஆனால் சிறுபோக விதைப்பு ஏப்பிரல், மே மாதங்களோடு பெரும்பாலும் முடிந்துவிடும். பெரும்போகம் தொடங்குவதோ செப்டெம்பர், ஒக்டோபரில். இடைப்பட்ட மாதங்களிலேயே ஓய்வு கிடைத்தது. தொலைவிலுள்ள வயலுக்குச் செல்ல விரும்பியவர்க்குப் பெற்றோல் வரிசையிலேயே பொழுது சாய்ந்தது. தொடர்மாடியில் வாழ்பவர் நான்கு சாடியிற் பச்சைமிளகாய் நட்டு அமைதல் வேண்டியதாயிற்று. அதற்கு முந்திய ஆண்டில் இரசாயன உர இறக்குமதியை ஒரே கட்டளையால் நிறுத்திக் கமக்காரரை அலைக்கழித்துப் பின் நவம்பரில் அதனைக் கைவிட்டதும் இவ்வகைப்பட்டதே. மண்ணின் நாட்காட்டியைக் கந்தோர் மேசையிலிருந்து எழுதமுடியாது.

காய்கறித் தோட்டக்காரனுக்கு ஆள் வேண்டிய நாட்கள் சிலவே. கீரைப் பாத்தியிற் களையெடுக்கும் நாள், மழைக்கு முன் வாய்க்கால் வெட்டும் நாள், விடியுமுன் பிடுங்கிக் கட்டிச் சந்தைக்கு அனுப்பும் நாள். இவற்றை மாதக்கணக்கில் முன்கூட்டிக் குறித்தல் இயலாது. கம்பனியோ தன் வசதிக்கேற்ற ஒரு நாளில் முப்பது பேரை ஒரு பஸ்ஸில் ஏற்றி வந்து இறக்குகின்றது. நாற்றுக்கும் களைக்கும் வேறுபாடு அறியாதவர் கையிற் பாத்தியைக் கொடுத்துவிட்டு, அவன் அவர்கள் பின்னாலேயே நடக்கின்றான். வீட்டுக்காரி முப்பது பேருக்குத் தேநீர் ஊற்றுகின்றாள். படம் பிடித்து முடிந்ததும் பஸ் திரும்பும். மிதிபட்ட வரம்பைச் சீர்செய்தல் மறுநாள் வேலை. இவையெல்லாம் பொறுக்கத்தக்கன. பொறுக்கலாகாதது ஒன்றுண்டு. அயலிலே நாட்கூலிக்குக் களையெடுக்கும் பெண்கள் இருப்பர். இனாமாக வந்த கைகளால் அவர்களின் ஒருநாட் கூலி போய்விடும். சம்பளத்தோடு லீவு பெற்றவர், அன்றாடக் கூலியன்றி வேறு வருவாயில்லாதவரின் வேலையைப் பறிப்பது எவ்வகைத் தொண்டு?

சிங்களக் கிராமங்களில் 'அத்தம்' என்றொரு முறையுண்டு. இன்று உன் வயலில் நான். நாளை என் வயலில் நீ. கூலியில்லை, கடன் உண்டு. உழைப்பை உழைப்பாலேயே திருப்புதல் வேண்டும். பஸ்ஸில் வந்தவரோ மீண்டும் வருவதில்லை. 1958இல் கொழும்பு நாலந்தா வித்தியாலய ஆசிரியர் ஏ. ரி. ஆரியரத்ன தம் மாணவரைக் கனத்தொலுவ என்னும் பின்தங்கிய கிராமத்துக்கு அழைத்துச் சென்றார். அவர்கள் அங்கேயே தங்கி உழைத்தனர். அச்சிரமதானத்திலிருந்து சர்வோதய இயக்கம் வளர்ந்தது. அன்று அவர்களுக்கு எவரும் சம்பளம் கொடுக்கவில்லை என்பதைக் காட்டிலும், அவர்கள் அன்று மாலையே திரும்பிவிடவில்லை என்பதே எமக்குப் பெரிதாகத் தோன்றுகின்றது.

எம் பழைய மாணவர் சங்கத்தார் ஒரு சிறு முயற்சி செய்யலாம். பிலியந்தலை, கெஸ்பேவப் பக்கத்தில் ஒரேயொரு தோட்டத்தைத் தெரிந்துகொள்க. முப்பது பேரை ஒரு நாள் அனுப்பாது, ஐவர் ஐவராக ஆறு நாட்கள், கமக்காரன் அழைக்கும்போது செல்க. கூலியாட்கள் செய்யும் வேலையைத் தொடாது, கூலி கொடுக்க வசதியின்றி அவன் ஒத்திவைத்திருக்கும் வேலையை மேற்கொள்க: தூர்ந்த வாய்க்கால், சரிந்த வேலி. வங்கியிலுள்ளவர் அவனுடைய கணக்குப் புத்தகத்தையும் கடன் விண்ணப்பத்தையும் பார்த்துக்கொடுப்பாராயின், அது பத்து மண்வெட்டிக்கு ஈடாகும். கல்கிசையிலுள்ள எம் குடும்பங்கள் சில, வாரந்தோறும் அவனிடமே வல்லாரையும் பொன்னாங்காணியும் வாங்கலாம். மேல்வகுப்பு மாணவரும் உடன் செல்லட்டும். கம்பனிகள் இதற்கு இசையுமா எனக் கேட்பர். இரு வகையிலும் முப்பது நாட் சம்பளமே; படத்தில் மட்டும் ஆட்கள் குறைவர். ஐப்பசி மழைக்கு முன் வாய்க்கால் வேலை முடியவேண்டியிருத்தலின், தோட்டத்தைத் தெரிதல் ஆவணிக்குள் நடைபெறுதல் நன்று.