விலை உயர்ந்தது, ஆயுள் குறைந்தது

விலை உயர்ந்த பொருள் நெடுநாள் உழைக்கும் என்பது நம் மக்கள் தலைமுறை தலைமுறையாகக் கொண்டிருந்த நம்பிக்கை. வெங்காயமும் புகையிலையும் விற்ற காசைச் சேர்த்து நீரிறைக்கும் இயந்திரம் வாங்கிய கமக்காரன், அதன் விலையைக் கேட்டு மலைத்தானாயினும், அது தன் மகன் காலத்திலும் தோட்டத்துக்கு நீர் பாய்ச்சும் என்ற உறுதியோடுதான் பணத்தை எண்ணிக் கொடுத்தான். பழுதுபட்டால் அதைக் கழற்றலாம், தேய்ந்த உறுப்பை மாற்றலாம், மீண்டும் ஓட்டலாம். விலைக்கும் ஆயுளுக்கும் இடையே எழுதப்படாத ஒப்பந்தம் ஒன்று இருந்தது.

இன்று அவ்வொப்பந்தம் முறிக்கப்பட்டுவிட்டது. முறித்தவர்கள் மலிவுப் பொருள் செய்வோர் மட்டும் அல்லர். மிக உயர்ந்த விலைக்குக் கைத்தொலைபேசியும் மடிக்கணினியும் விற்கும் பெருங் கம்பனிகளே இதில் முன்னிற்கின்றன என்பதுதான் கவனிக்கத்தக்கது.

கைத்தொலைபேசிக்குள் இருக்கும் லிதியம் மின்கலம் என்றும் இளமையாயிருப்பதில்லை. மின்னேற்றிப் பாவிக்கப் பாவிக்க அதன் கொள்ளளவு சிறிது சிறிதாகக் குறையும். இஃது இரசாயனத்தின் இயல்பு. இதற்காக எவரையும் குற்றஞ்சாட்ட முடியாது. முன்னைய கைத்தொலைபேசிகளில் பின்மூடியை நகத்தால் நீக்கிப் புதிய மின்கலத்தைப் போட்டுக்கொண்டோம். பின்னர் அந்த வாயில் அடைக்கப்பட்டது. மின்கலம் பசையால் ஒட்டப்பட்டது. சாதாரண திருப்புளிக்கு அசையாத ஆணிகள் பூட்டப்பட்டன. முதுமையடைவது ஓர் உறுப்பு. வீசப்படுவதோ முழுக் கருவி!

2017 டிசெம்பரில் அப்பிள் கம்பனி ஓர் உண்மையை ஏற்றுக்கொண்டது. மின்கலம் தளர்ந்த பழைய ஐபோன்களின் வேகத்தைத் தனது மென்பொருள் மூலம் தானே குறைத்து வந்ததென்பதே அது. கருவி திடீரென அணைந்துபோவதைத் தடுக்கவே அவ்வாறு செய்ததாக விளக்கங் கூறிற்று. அவ்விளக்கத்தை உண்மையென்றே கொள்வோம். அங்ஙனமாயின், வாங்கியவனுக்கு அதை ஏன் சொல்லவில்லை? மின்கலத்தை மாற்றினாற் போதும் என்றறியாது, கருவியே கெட்டதென்று எண்ணிப் புதிது வாங்கியோர் எத்தனை பேர்? பாவனையாளருக்கு அறிவியாது விட்டமைக்காக 2020 பெப்ரவரியிற் பிரான்சு 25 மில்லியன் யூரோ தண்டம் விதித்தது. அமெரிக்க வழக்கொன்றில், குற்றம் எதனையும் ஏற்காமலே, 500 மில்லியன் டொலர் வரை கொடுக்க அக்கம்பனி அதே ஆண்டில் இணங்கியது. பழைய கருவிகளில் அவற்றுக்கு ஒவ்வாத மென்பொருளை ஏற்றத் தூண்டியமைக்காக, 2018 இல் இத்தாலியில் அப்பிளோடு சம்சுங்கும் தண்டிக்கப்பட்டது.

எதிர்த்தரப்பின் வாய்மொழியே சாட்சியங்களுள் வலியது என்பதை வழக்காடுவோர் அறிவர். செய்தி வெளியானபின் அப்பிள் மன்னிப்புக் கோரி, 2018 ஆம் ஆண்டில் மின்கலம் மாற்றும் கட்டணத்தை 79 டொலரிலிருந்து 29 டொலராகக் குறைத்தது. 2019 ஜனவரி 2 இல் அதன் தலைமை நிறைவேற்று அதிகாரியாயிருந்த ரிம் குக் முதலீட்டாளருக்கு ஒரு கடிதம் எழுதினார். வருமானம் எதிர்பார்த்ததிலும் குறையுமென அறிவித்த அக்கடிதம், சீனாவின் பொருளாதார மந்தம் முதலிய பல காரணங்களைக் கூறிற்று. அவற்றுள் ஒன்று, குறைந்த கட்டணத்தில் மக்கள் மின்கலத்தை மாற்றிக்கொண்டமை! இதற்கு மேல் என்ன சாட்சியம் வேண்டும்? 29 டொலருக்குத் திருத்த வழியிருந்தால் பலர் புதிது வாங்கார் என்பதை விற்றவர்களே எழுத்தில் தந்துவிட்டனர்.

மெலிவை அழகென்று விற்ற கதையும் உண்டு. 2015 இல் அதே கம்பனி தன் மடிக்கணினியில் மிக மெல்லிய விசைப்பலகை ஒன்றைப் புகுத்தியது. தூசி புகுந்தால் விசைகள் ஒட்டிக்கொள்கின்றன, ஒரே எழுத்து இருமுறை விழுகின்றது என முறைப்பாடுகள் குவிந்தன. 2018 இல் இலவசத் திருத்தம் அறிவித்து, 2019 இன் இறுதியிற் பழைய முறைக்கே திரும்பத் தொடங்கி, 2022 இல் வழக்கை முடிக்க 50 மில்லியன் டொலர் கொடுக்க இணங்கிற்று.

இது புதிய தந்திரமும் அன்று. 1924 இல் ஜெனீவாவிற் கூட்டுச் சேர்ந்த மின்குமிழ் உற்பத்தியாளர், குமிழின் ஆயுளை 1,000 மணித்தியாலமாகக் குறைக்க உடன்பட்டனர். அதனினும் நெடுநாள் எரியும் குமிழைச் செய்த உறுப்பினருக்குத் தண்டமும் விதித்தனர்.

கருவி மெலியவும், நீர் புகாதிருக்கவும் அதை ஒட்டத்தான் வேண்டும் என்று கூறுவாருளர். இன்றைய கருவிகள் வேகத்திலும் திறனிலும் முன்னையவற்றை விஞ்சியவை என்பதை நாமும் மறுக்கவில்லை. ஆனால் திருத்த இயலாமை தொழில்நுட்பத்தின் தலைவிதி அன்று. முன்னர் உதிரிப்பாகமும் திருத்தும் கைந்நூலும் வெளியாருக்குக் கொடுக்க மறுத்த அப்பிளே, 2022 இல் அமெரிக்காவில் அவற்றைப் பொதுமக்களுக்கு விற்கத் தொடங்கிற்று. 2025 ஜூன் 20 முதல் ஐரோப்பிய ஒன்றியத்திற் சந்தைக்கு வரும் கைத்தொலைபேசிகளின் மின்கலம், 800 முறை மின்னேற்றிய பின்னும் 80 வீதக் கொள்ளளவைக் கொண்டிருத்தல் வேண்டும். அம்மாதிரியின் விற்பனை நிறுத்தப்பட்ட பின்னரும் முக்கிய உதிரிப்பாகங்கள் 7 ஆண்டுகளுக்குக் கிடைத்தல் வேண்டும். சட்டம் கட்டளையிட்டதும் பொறியியல் வழிவிட்டது!

நம் நிலை யாது? 1896 ஆம் ஆண்டின் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டம், விற்கப்படும் பொருள் வணிகத்துக்குரிய தரமுடையதாயிருத்தல் வேண்டும் என்கிறது. ஆங்கிலேயரின் 1893 ஆம் ஆண்டுச் சட்டத்தைப் பின்பற்றி எழுதப்பட்ட அது, உதிரிப்பாகம் பற்றியோ மென்பொருள் பற்றியோ என்ன சொல்லும்? 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டம், விற்பனை நிகழ்ந்து மூன்று மாதங்களுக்குள் எழுத்தில் முறையிடவேண்டும் என விதித்தது. மூன்று மாதம்! ஓராண்டு உத்தரவாதம் முடிந்தபின் சாகும் கருவிக்கு அக்கதவு என்றோ சாத்தப்பட்டுவிடும்.

இதைச் செல்வந்தரின் சிறு மனக்குறையென ஒதுக்கிவிடலாகாது. இன்று வங்கிக் கணக்கும், சந்தை விலையும், வெளிநாட்டிலுள்ள பிள்ளையின் முகமும் கமக்காரனுக்கு அக்கருவியினூடாகவே வருகின்றன. 2022 ஏப்ரலில் வெளிநாட்டுக் கடனைச் செலுத்துவதை நிறுத்திய இத்தீவு, 29 டொலரில் முடியவேண்டிய திருத்தத்துக்காகப் பல நூறு டொலரை வெளியே அனுப்புவது எவ்வகை அறிவு? திருத்தக்கூடிய பொருளின் அருமையை நம்மவர்க்கு எவரும் கற்பிக்கவேண்டியதில்லை. 1990 களில் மின்சாரமின்றி, மின்கலமும் தடைசெய்யப்பட்டிருந்த யாழ்ப்பாணத்தில், சைக்கிள் டைனமோவைச் சுழற்றியே மக்கள் வானொலி கேட்டனர். அவ்வானொலியைத் திறக்க முடிந்தது. கம்பியைத் தொடுக்க முடிந்தது. பசையால் மூடிய இன்றைய கருவியோடு அத்தகைய இருண்ட காலத்தைக் கடக்க இயலுமா?

ஆகவே நாம் கோரவேண்டியவை தெளிவானவை. முதலாவது, கருவி எத்தனை ஆண்டு உழைக்கும், எத்தனை ஆண்டு உதிரிப்பாகமும் மென்பொருளும் கிடைக்கும் என்பதை விற்பனையின்போதே எழுத்திற் கூறல்வேண்டும். இரண்டாவது, அவ்வெழுத்தும் உத்தரவாதச் சீட்டும் தமிழிலும் இருத்தல்வேண்டும்; வாசிக்க முடியாத வாக்குறுதி வாக்குறுதியன்று. மூன்றாவது, முறைப்பாட்டுக் காலம் பழுது வெளிப்பட்ட நாளிலிருந்தே எண்ணப்படல்வேண்டும். நான்காவது, ஐரோப்பாவிற் கொடுக்கும் உதிரிப்பாகத்தை இங்கு மறுக்கும் கம்பனியின் இறக்குமதி உரிமத்தை மீள ஆராயல்வேண்டும்.

சட்டம் வரும்வரை வாளாவிருக்கவும் வேண்டியதில்லை. கூட்டுறவுச் சங்கங்களும், பாடசாலைகளும், அலுவலகங்களும் மொத்தமாக வாங்கும்போது, உதிரிப்பாகம் தருவோரிடமே வாங்குவோமென ஒரு நிபந்தனை எழுதட்டும். தனியொருவன் கேட்டாற் கடைக்காரன் கைவிரிப்பான். ஆயிரம் பேர் சேர்ந்து கேட்டால் கம்பனி பதில் சொல்லும். சங்கங்களின் அடுத்த பொதுக்கூட்டத்திலேயே இதைத் தீர்மானமாக முன்வைக்கும் பொறுப்பு இப்பத்திரிகையை வாசிப்போர் ஒவ்வொருவருக்கும் உண்டு.